முன்னால் போகும் பனியன்

ஞாயிற்றுக்கிழமை பனியன் கம்பெனி லீவு. விடிந்ததும் நானும், துணி வெட்டும் எங்கள் கட்டிங் மாஸ்டரும் ஊதியூர் மலையோரச் சாலைக்குச் சைக்கிளில் கிளம்பிவிடுவோம். எப்போதாவது ஒரு பால் வண்டி வரும்; மற்றபடி எங்கள் செயின் சத்தம்தான்.

போன வாரம் மாஸ்டர் முன்னால் மிதித்தார், நான் பின்னால். ஏற்றம் முடிந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்: "வளைவுல மயிலுக கூட்டமா நின்னுச்சே, பாத்தீங்களா?"

"இல்லீங்க மாஸ்டர். உங்க பனியன்ல இடது பக்கம் தையல் விட்டிருக்குதுங்க. அதையேதான் பாத்துட்டு வந்தேன்."

கம்பெனியில் நான் செக்கிங், தைத்து வரும் பனியன்களில் குறை தேடுபவன். எனக்கே என் மேல் எரிச்சல் வந்தது. மலைக்கு வந்தும் செக்கிங் டேபிள் முன்னாலேயே நிற்கிறேனே!

மாஸ்டர் சிரித்தார். "எறங்கறப்ப நீங்க முன்னால போங்க. மறைக்கறதுக்கு ஆளே இருக்காதுங்க."

போனேன். மலைச்சரிவும் சோளக்காடும் தூரத்துக் காற்றாலைகளும் எனக்கு முன்னால் விரிந்து கிடந்தன. மயில்கள் அதே வளைவில் மேய்ந்துகொண்டிருந்தன. மனசு நிறைந்துபோய் அடிவாரத்தில் பிரேக் பிடித்தேன்.

"மயிலுக இன்னும் அங்கயேதான் இருக்குதுங்க மாஸ்டர்!"

"அப்படீங்களா?" என்றபடி பக்கத்தில் வந்து நின்றார். "உங்க காலர் துணி மட்டும் கலர் ஒரு ஷேடு கம்மியா இருக்குதுங்களே."