மட்டை யாருக்கு

தோப்பில் தென்னை மட்டை விழும் சத்தம் கேட்டால் எங்கள் வீட்டில் இரண்டு பேர் ஓடுவார்கள். கொல்லைப் பக்கமிருந்து மாமியார், வாசல் பக்கமிருந்து மாமனார். அத்தை முந்தினால் மட்டை குளத்துக்குப் போகும், ஊறவைத்துக் கூரைக்குக் கீற்று முடைய. மாமனார் முந்தினால் இரண்டு மர வரிசைகளுக்கு நடுவே போய்ப் படுத்துக்கொள்ளும், மட்கி மண்ணாக. எழுபதுகளில் கோட்டுச்சேரிக்கு நான் மருமகளாக வந்தபோது இதுதான் அன்றாடக் கூத்து. முதலில் சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை.

மாமனார் மலேயாவில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தவர். ஊர் திரும்பிய பிறகும் ஓர் இடத்தில் உட்கார மாட்டார். சாப்பாட்டில் பாதியில் எழுந்துபோய்த் தோப்பைப் பார்த்துவிட்டு வருவார். எங்களுடையது கடற்காற்று அடிக்கும் மணல் பூமி. போட்ட உரம் ஒரு மழைக்கு நிற்காது. செம்பனையில் வெட்டிய மட்டையை அங்கேயே அடுக்கி மட்கவிடுவார்களாம். இங்கும் அப்படிச் செய்தால் மணல் மண்ணாகும் என்று நம்பினார். "மரம் குடுத்தத மரத்துக்கே குடுக்கணும்மா. நாமதான் நடுவுல பூந்து புடுங்கிடுறோம்" என்பார். பச்சை மட்டையை மட்டும் யாரையும் தொடவிட மாட்டார். "அது மரத்துக்குச் சோறாக்குற கை. வெட்டுனா காய்ப்பு போயிடும்."

பேச்சு நன்றாகத்தான் இருந்தது. கூரைதான் நன்றாக இல்லை. அத்தைக்கு மூட்டுவலி வந்த வருடம் முழுக்க மாமனாரே முந்தினார். ஐப்பசி நெருங்கும்போது பழைய கீற்று நைந்து, படுத்தால் வானம் தெரிந்தது. முடைய மட்டை இல்லை. ஊரே கூரை மாற்றும் நேரம், வெளியிலும் கீற்று கிடைக்கவில்லை. முதல் தூறலிலேயே என் கைக்குழந்தையின் தூளியில் சொட்டியது. பிள்ளைக்கு நெஞ்சில் சளி கட்டிவிட்டது. தூளியை இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் மாற்றிக் கட்டியே எனக்குப் பைத்தியம் பிடிக்கும்போல இருந்தது.

மாமனாரை எதிர்த்து நின்று பேசும் வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. கோபம் வந்த பிறகு வழக்கமாவது ஒன்றாவது. நேரே போய்க் கேட்டேன்.

"மாமா, உங்க மண்ணு போத்திக்கிட்டுப் படுத்திருக்கு. உங்க பேரன் நனையிறான்."

அவர் தோப்புக்குள் போய் அடுக்கியிருந்த மட்டைகளைப் புரட்டினார். எல்லாம் உளுத்துக் கையோடு வந்தன. அடியில் மண் கறுத்து, ஈரமாக, மண்புழு நெளியக் கிடந்தது. இதற்காகத்தான் அத்தனை காலம் காத்திருந்தார். கண்ணால் கண்டும் முகத்தில் சந்தோஷம் இல்லை. பிறகு அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு தானே மரமேறினார். "வேணாங்க, ஆளக் கூப்புடுவோம்" என்று அத்தை கத்தினார். பச்சை மட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. அன்று யாரும் ஓடவில்லை.

பச்சை ஓலையை ஊறவைக்க வேண்டியதில்லை. அன்றே முடையத் தொடங்கினோம். கூரை வேய்ந்த மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. பிள்ளை நனையாமல் தூங்கினான். மாமனாரைக் காணோம் என்று எட்டிப் பார்த்தால், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, மட்டை இழந்த மரங்களின் அடியில் நிற்கிறார்.

"உள்ள வாங்க மாமா."

"புள்ள நனையலயே?"

"இல்ல மாமா."

"அப்ப சரி" என்றார். உள்ளே வரவில்லை.

அந்த மரங்கள் அடுத்த வருடம் சரியாகக் காய்க்கவில்லை. அத்தைகூட அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. இன்று எங்கள் தலைக்கு மேல் கான்கிரீட். விழுகிற மட்டை எல்லாம் மண்ணுக்குத்தான். தோப்பு முழுக்க மண் கறுத்துக் கிடக்கிறது, பார்க்க அவர் இல்லை. மழை வந்தால் எனக்கு உள்ளே இருப்புக்கொள்வதில்லை. ஒரு சொட்டும் விழாத வீட்டில் வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டே இருக்கிறேன்.