வேல் மார்க் சோப்பு

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். அதனால் 1991-இல் சென்னைக் கம்பெனி ஒன்று அனுப்பிய வக்கீல் நோட்டீஸை வீட்டில் நான்தான் படித்தேன்.

"இன்னாடி போட்டுகீது அதுல?" என்றாள் அம்மா.

"வேல் மார்க்கை அவங்க பதிவு பண்ணிட்டாங்களாம். நம்ம சோப்புல இனிமே வேலு போடக் கூடாதாம்."

"முருகனுக்குத் தெரியுமா இது?"

யாரும் சிரிக்கவில்லை.

ஒரகடத்தில் எங்கள் கொட்டகையில் அப்பா சலவை சோப்பு காய்ச்சுவார். கட்டி கட்டியாக வெட்டி, ஒவ்வொன்றிலும் பித்தளை அச்சால் வேல் குத்துவார். வேல் படம் அச்சடித்த காகிதம் சுற்றுவதில்லை. சாமிச் சின்னம் குப்பைக்குப் போகக் கூடாது என்பது அவர் கட்டுப்பாடு.

காஞ்சிபுரத்தில் ஒரு வக்கீலைப் பார்த்தோம். "அவங்களுக்கு முன்னாடியிருந்தே நீங்க போட்டுட்டு வர்றதா நிரூபிச்சா சட்டம் உங்க பக்கம்தான். பழைய லேபிள், பில் ஏதாவது இருக்கா?"

"சந்தையில விக்கிறதுக்கு ஏது சார் பில்லு?" என்றார் அப்பா.

"பழைய அச்சாவது?"

"தேஞ்சி போனா கொளத்துல வுட்டுருவோம் சார். குன்றத்தூர் கோயில் கொளம். சாமி வேலைப் போய் எடைக்குப் போட முடியுமா? இப்ப கீற அச்சு போன ஆடிக் கிருத்திகைக்குச் செஞ்சது."

"அப்போ முருகனைத்தான் சாட்சிக்குக் கூப்பிடணும்" என்றார் வக்கீல். பிறகு என்னைப் பார்த்தார். "காலம் மாறுதும்மா. வெளிநாட்டுக் கம்பெனிங்க வரப்போறாங்கன்னு அவனவன் அவசரமா பேரைப் பதியறான். கையில ஆதாரம் இல்லாம கேஸ் நடத்தினா கொட்டகையும் போயிடும்."

அப்பா என்னைப் பார்த்தார். அவர் கேட்கும் முன்பே நான் பேனாவை எடுத்தேன். இனி அந்தச் சின்னத்தைப் பயன்படுத்த மாட்டோம் என்று வக்கீல் சொன்னதை ஆங்கிலத்தில் எழுதினேன். படித்துப் பார்த்து, ஒரு பிழைகூட இல்லை என்றார் அவர். அப்பா கைநாட்டு வைத்தார். எனக்கு அழுகை வரவில்லை. மை காயும்வரை காகிதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாலாஜாபாத் சந்தைக்கு வேல் குத்தாத சோப்பைக் கொண்டுபோனோம். வாடிக்கையாக வாங்கும் ஒரு பெண் கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வேலு எங்க?"

"அதே சோப்புதாங்க்கா" என்றேன்.

"டூப்ளிகேட்டா?" என்று கட்டியை வைத்துவிட்டு அடுத்த கடைக்கு நகர்ந்தாள்.

அப்பா அந்தக் கட்டியை எடுத்து மற்றவற்றோடு வரிசையாக வைத்தார். வெயில் ஏறியது. நான் கூவி விற்கத் தொடங்கினேன். என்ன பேர் சொல்லிக் கூவுவதென்று தெரியாமல், வெறுமனே சோப்பு, சோப்பு என்றேன்.