மெட்டி கறுக்கவில்லை

பிள்ளைகளே, கொல்லையில் முளைத்த காளானைப் பறித்து வந்து "துன்னலாமாப்பா?" என்று நேற்று கேட்டீர்கள். நான் கையைத் தட்டிவிட்டேன். ஏன் என்று எழுதி வைக்கிறேன்.

நீங்கள் பிறக்கும் முன் சடையங்குப்பத்தில் குடியிருந்தோம். உங்கள் அம்மாவுக்கு முதல் பிள்ளை, ஏழு மாதம். ஐப்பசி மழையில் வெள்ளம் வீட்டைச் சுற்றி நின்றுவிட்டது. வீடும் கொல்லையும் மட்டும் மேடு. தினமும் காலையில் திருவொற்றியூர்ப் பக்கம் கம்பெனி சங்கு ஊதும். எனக்கு வேலைக்குப் போக வழியில்லை. கழுத்தளவு தண்ணீர், இழுப்பும் அதிகம். வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தே நான்கு நாள் போயிற்று. ரேஷன் அரிசி தீர்ந்து நொய்தான் மிச்சம்.

ஐந்தாம் நாள் முருங்கையடியில் பெரிய வெள்ளைக் காளான்கள். வைக்கோலில் முளைக்கும் சாம்பல் நிறக் காளானைத் தின்றிருக்கிறோம். இது வேறு. விரியாத இளசாகப் பார்த்துப் பறித்தேன். பக்கத்து மேட்டு வீட்டு அக்கா தண்ணீருக்கு அப்பாலிருந்து கேட்டார்.

"இன்னா நைனா, ஊரே முழுகிக் கெடக்குது, நீ நாய்க்கொடை பொறுக்கிகினு கீற?"

"துன்னலாமாக்கா இத?"

"வெள்ளி போட்டு வேக வெச்சுப் பாரு. கறுத்துச்சுன்னா வெசம்."

வீட்டில் வெள்ளி என்றால் உங்கள் அம்மாவின் கால் மெட்டிதான். புருஷன் இருக்கும்போது அதைக் கழற்ற மாட்டார்கள்.

"வேற எதுனா போட்டுப் பாருய்யா," என்றாள்.

"ஒரு கொதிதானே. வயித்துப் புள்ளைக்கு நொய்யே போதுமா?"

அவளால் குனிய முடியாது. நானேதான் ஒரு மெட்டியைக் கழற்றினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மெட்டி கறுக்கவில்லை. ஆனாலும், "மொதல்ல நான் துன்னுறேன், நீ மத்தியானம் துன்னு" என்றேன். அன்று எனக்கு இருந்த புத்தி அவ்வளவுதான்.

உச்சிப் பொழுதுக்குள் வாந்தி, பேதி. எழுந்து நிற்க முடியவில்லை. உங்கள் அம்மா தண்ணீர் ஓரம் நின்று கூப்பிட்டாள். படகு ஒன்றும் இல்லை. "கஞ்சித் தண்ணில உப்பப் போட்டு குடுத்துகினே இரு" என்றார் அக்கா. அதைத் தவிர அவராலும் என்ன செய்ய முடியும்? நான்கு பக்கமும் தண்ணீர்; நடுவில் நாங்கள் இரண்டரைப் பேர்.

உங்கள் அம்மா மீதிக் காளான் இருந்த சட்டியைக் கவிழ்த்து, அதிலிருந்து மெட்டியைத் தேடி எடுத்து வந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்து காலை நீட்டினாள்.

"நீயே போட்டு வுடு."

கல்யாணத்தன்று ஒரே தடவையில் போட்டுவிட்டேன். அன்று மெட்டி மூன்று தடவை நழுவியது. அவள் விரலை அசைக்காமல் வைத்திருந்தாள்.

மறுநாள் வயிறு அடங்கியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். பறிக்காமல் விட்ட காளான்கள் நன்றாக விரிந்திருந்தன. ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் இருந்த மடிப்பெல்லாம் பாசி போலப் பச்சை. இளசில் அது வெள்ளையாகத்தான் இருந்தது. எனக்குத் தெரியவில்லை, வெள்ளிக்கும் தெரியவில்லை.

மெட்டியைக் கழற்றியதால் வந்த வினை என்றுதான் உங்கள் அம்மா இன்றும் சொல்கிறாள். நீங்கள் அவளோடு வாதாட வேண்டாம். காளானை மட்டும் தொடாதீர்கள்.

அன்றும் சங்கு ஊதியது. தண்ணீர் ஒரு விரல்கூட இறங்கவில்லை. இருவரும் நொய்க்கஞ்சி குடித்தோம்.