எஸ்தரக்கா சொல்லாத வரி

"நீ எல்லாப் பரீட்சையும் பாஸாயிருவே அம்மணி. ஆனா ஒருத்தர் ஊட்டு வாசல்ல போயி நின்னு, எம்மேலதான் தப்புன்னு சொல்லோணும் பாரு, அது மட்டும் உன்னால ஆகாது."

அம்மா இதைச் சொன்னபோது எனக்குப் பதினைந்து வயது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ரேஷன் கார்டிலிருந்து மருந்துச் சீட்டு வரைக்கும் எங்கள் தெருவில் எதையும் நான்தான் படித்துச் சொல்வேன். அப்படிப்பட்டவளைப் பார்த்து, கைநாட்டு வைத்துச் சம்பளம் வாங்கும் ஒரு மில் தொழிலாளி இப்படிச் சொல்லலாமா என்று, அந்தத் தொழிலாளிதான் எனக்குச் சோறு போடுகிறாள் என்பதையும் மறந்து, இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

போன வாரம் காந்திபுரத்தில் டவுன் பஸ்ஸுக்காக நின்றபோது எங்கள் சர்ச் சபையின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. பின்னால் ரோஜாப்பூ, அதன்மேல், யார் மனதையாவது புண்படுத்தியிருந்தால் மன்னிக்கவும் என்று எழுத்து. கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். நானும் ஒரு கும்பிடு வைத்துவிட்டுப் பஸ் ஏறினேன். சிங்காநல்லூர் தாண்டுவதற்குள் உறுத்த ஆரம்பித்துவிட்டது. நான் யாரிடம் மன்னிப்புக் கேட்டேன்? யார் என்னை மன்னித்தது?

எங்கள் லைன் வீடுகளில் அது அவ்வளவு சுலபமாக இருந்ததில்லை. மில்லுக்குப் பின்னால் முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு வரிசை வீடுகள். கடைசியில் ஓடு வேய்ந்த சிறிய சர்ச். மாதத்தின் முதல் ஞாயிறு, அப்பமும் திராட்சை ரசமும் வாங்கும் திருவிருந்து. மனிதரோடு பகையை வைத்துக்கொண்டு பலிபீடத்துக்குப் போகக்கூடாது என்று வேதத்தில் இருப்பதை எங்கள் ஆட்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அதனால் முந்தைய சனிக்கிழமை சாயங்காலம், சண்டை போட்டவர் வீட்டு வாசலில் போய் நிற்பார்கள். "ஏனுங்க, நாளைக்கு விருந்து. நான் போகலாமுங்களா?" என்று கேட்பார்கள். உள்ளே இருப்பவர், "போங்க, நானும் வாரேன்" என்று சொன்னால்தான் ஆயிற்று.

எல்லாம் புனிதமாக நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். குழாயடியில் சண்டை போட்ட இரண்டு பெண்கள் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு சந்து வழியாக ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய், பூட்டைப் பார்த்துவிட்டு, "வேணும்னே பூட்டிட்டுப் போயிட்டா பாரு" என்று முன்னிலும் கோபமாகத் திரும்பியிருக்கிறார்கள். கோழியைத் திருடிச் சாப்பிட்டதற்கு ஒருவர் மன்னிப்புக் கேட்கப் போக, கோழிக்காரர் அதுவரை கீரிப்பிள்ளை மேல் பழி போட்டிருந்தாராம். அந்த மாதம் இரண்டு பேருக்குமே விருந்து இல்லை.

எஸ்தரக்கா எங்களுக்கு மூன்றாவது வீடு. அம்மாவோடு அதே ஷிப்டில் நூல் சுற்றியவர். அவருடைய தங்கை ரூத்து காங்கேயத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தார். அவர்களுடைய அப்பாவைக் கடைசிவரை வைத்துப் பார்த்ததும் ரூத்துதான். அப்பா இறந்த அன்று அக்கா, ஊரே கூடியிருந்த இடத்தில், "நீ ஒழுங்காப் பாத்திருந்தா அப்பன் இன்னும் இருந்திருப்பாரு" என்று சொல்லிவிட்டார். மூன்று மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, ஒரு நீலநிற இன்லேண்ட் லெட்டரோடு என்னிடம் வந்தார். அப்போது எனக்குப் பதினான்கு வயது.

"காங்கேயம் போயி நிக்கறதுக்கு லீவு இல்ல கண்ணு. நேர்ல நிக்கறாப்பலயே எழுது. நான் சொன்னது பொய்யி. அப்பனை நீதான் பாத்தே, நான் பாக்கல. அந்த வெக்கத்துல உம்மேல பழிய போட்டுப்போட்டேன். மன்னிச்சுக்க சாமி. அவ்வளவுதான்."

அவ்வளவுதானா? தாளில் பாதிகூட நிறையவில்லை. கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியவள் எழுதும் கடிதம் இப்படியா இருப்பது? அதோடு, எனக்குக் கம்மங்கூழில் மோர் ஊற்றிக் கொடுக்கும் அக்கா மீது மட்டும் முழுத்தவறும் இருக்கும் என்று நம்பவும் மனம் வரவில்லை. "இருந்தாலும் நீயும் கொஞ்சம் முன்கூட்டியே தகவல் சொல்லியிருக்கலாம்" என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். அது நியாயம் என்றே நினைத்தேன்.

"எங்க, படி" என்றார் அக்கா. படித்தேன். அந்த வரியை மட்டும் விட்டுவிட்டுப் படித்தேன். ஏன் விட்டேன் என்று அன்றைக்கே எனக்குத் தெரியும்.

பதில் வரவில்லை. அடுத்த முதல் ஞாயிறு அக்கா விருந்துக்கு எழுந்து போகவில்லை. "ரூத்து இன்னும் 'போ'ன்னு சொல்லலீங்களே" என்று கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சர்ச் ஐயர் கூப்பிட்டுச் சொன்னார், கடிதம் போட்டாயிற்றே, கர்த்தர் அறிவார் என்று. அக்கா அசையவில்லை. மறு வருடம் எனக்குத் திடப்படுத்தல் முடிந்து விருந்தில் சேரும் உரிமை கிடைத்தது. வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு அந்தக் கடைசி பெஞ்சைத் தாண்டித்தான் நடந்து போனேன். அக்கா என் சேலை மடிப்பைச் சரிசெய்துவிட்டு, "போயிட்டு வா கண்ணு" என்றார். அப்பத்தை வாங்கிக்கொண்டு, அந்தப் பெஞ்சைப் பார்க்காமல் திரும்பி வந்தேன். அதன்பிறகு முதல் சனிக்கிழமைகளில் அக்கா வீட்டுப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன். அம்மா அந்தப் பேச்சைப் பேசியது அப்போதுதான். எதற்கென்று தெரியாது; ஏதோ இருக்கிறது என்று மட்டும் கண்டுபிடித்திருந்தாள்.

பிறகு மில் மூடியது. அக்கா மகனோடு ஓசூர் போனார். நாங்கள் ஒண்டிப்புதூருக்கு வந்தோம். நான் பட்டம் வாங்கினேன், ஆபீசில் மற்றவர்கள் எழுதும் கடிதங்களைத் திருத்தும் வேலைக்கும் வந்தேன். வேறு என்ன வேலை கிடைக்கும் எனக்கு?

பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் கேட்டேன், எஸ்தரக்கா எப்படி இருக்கிறார் என்று. "இருக்கறா. ஓசூர் சர்ச்சுலயும் விருந்துக்கு எந்திரிக்கறதில்லையாம். இத்தனை வருசமா ஒருத்தி உக்காந்திருப்பாளா?" என்றாள் அம்மா. அப்போது சொன்னேன், எல்லாவற்றையும். அம்மா அரிந்துகொண்டிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள். திட்டவில்லை. "காங்கேயத்துக்கு முதல் பஸ் வெடியால அஞ்சரைக்கு" என்றாள்.

விலாசம் மறக்கவில்லை, எழுதியவள் நான்தானே. ரூத்தக்கா, வீட்டுக்கு அடுத்த தேங்காய்க் களத்தில் காயும் கொப்பரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். யாரென்று சொன்னேன்.

"அந்த லெட்டரு எழுதினது நீதானா? எழுத்து முத்து முத்தா இருக்குதுன்னா எம்மவ. அவதான் படிச்சுக் காட்டினா." கை நிற்கவில்லை. "நல்லாத்தான் ஆரம்பிச்சுது. கடைசில பாரு, முன்னாடியே சொல்லியிருக்கலாமாம். அப்பனுக்கு முடியாமக் கெடந்தப்ப மூணு நாளு மில் ஆபீசுக்குப் போன் போட்டுப் போட்டு வெரல் தேஞ்சுது எனக்கு. ஒருத்தனும் அவளைக் கூப்பிட்டு உடல. எழவு வீட்டுலயே அதை அவகிட்டச் சொன்னேன். தெரிஞ்சே எழுதறாளேன்னு..."

"அந்த வரி அக்கா சொன்னதில்லீங்க. நானாச் சேர்த்தது. அக்கா படிக்கச் சொன்னப்ப அதை மட்டும் விட்டுப்போட்டுப் படிச்சேன். தப்பு என்னோடதுங்க."

ரூத்தக்கா நிமிர்ந்தார். என்னை மேலிருந்து கீழே பார்த்தார். "எம்மவ கல்யாணத்துக்கு நான் அவளைக் கூப்பிடல" என்றார். குனிந்து இன்னும் இரண்டு கொப்பரையைத் திருப்பிப் போட்டார். பிறகு, "அவகிட்டச் சொல்லிட்டயா?"

"இன்னும் இல்லீங்க."

"அப்பறம் என்னத்துக்கு இங்க நின்னுட்டிருக்கறே?"

மன்னித்தாரா என்று தெரியாது. கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை.

லைன் வீடுகளை இடித்துவிட்டார்கள். சர்ச் இருந்த இடத்தில் அடுக்குமாடிக்கு மணல் கொட்டிக் கிடக்கிறது. முதல் சனிக்கிழமை சாயங்காலம் யாரும் யார் வாசலிலும் நிற்பதில்லை. இப்போதுள்ள வீடுகளுக்குக் காவலாளி இருக்கிறார், பெயர் எழுதாமல் உள்ளே விடமாட்டார். தலை குனிந்து வாசலில் நின்ற அந்தப் பெரிய மனிதர்களை நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது. அவர்களில் பாதிப் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

காங்கேயம் பஸ் ஸ்டாண்டிலிருந்தே எஸ்தரக்காவின் மகனுக்குப் போன் செய்தேன். என்ன விசேஷம் என்றார். "உங்க அம்மாகிட்ட ஒரு தப்பைச் சொல்லோணுங்க. நான் செஞ்சது" என்றேன். இனி சும்மா பார்க்க வந்தேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

இதை எழுதும்போது சேலம் தாண்டி, ஓசூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன்.