நான் அடுக்கி வைத்த ரேக்

யாழினி, நித்திஷ்,

அப்பா வேலை பார்க்கும் குடோனில் பொம்மைக்குப் பக்கத்தில் குக்கர் மூடி இருக்கும். குக்கர் மூடிக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி ஷூ, அதற்கு மேலே நாய்க்குக் கட்டுகிற பெல்ட், அதற்கும் மேலே மறுபடியும் பொம்மை. இந்தப் போலந்து நாட்டுக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. குளிர் பழகிவிட்டது. புளிப்பு ரொட்டி பழகிவிட்டது. மாலை நாலு மணிக்குள் இருட்டிவிடுவதுகூடப் பழகிவிட்டது. இது மட்டும் பழகவில்லை. காலையில் ரேக்குகளுக்கு நடுவே நுழையும்போதெல்லாம், யாரோ அவசரமாக வீட்டைக் காலி செய்துகொண்டு போன இடத்தில் நிற்பது போலவே இருக்கிறது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் அப்பா பதினோரு வருஷம் ஸ்டோர் பார்த்தது உங்களுக்குத் தெரியும். அங்கே போல்ட்டுக்கு ஒரு வரிசை, வாஷருக்கு ஒரு வரிசை. அதிலும் சின்னதிலிருந்து பெரியது வரை. லேத் ஓட்டும் தேவராஜ் அண்ணன் ஜன்னலில் தலையை நீட்டி, "இன்னா நைனா, பத்து எம்எம் வாஷர் கீதா, இல்ல ஊட்டுக்கு எட்த்துகினு பூட்டியா?" என்பார். நான் திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டி எடுத்துக் கொடுப்பேன். பகலில் கரண்ட் போனால் மெஷின்கள் நின்றுவிடும். ஆபரேட்டர்கள் எல்லாரும் டீக்கடைக்குப் போய்விடுவார்கள். ஸ்டோர்காரன் மட்டும் போக மாட்டான். கலந்து கிடப்பதைப் பிரித்து, ஒரே மாதிரியானதை ஒன்றாகச் சேர்த்து, ரேக்கை ஒழுங்கு செய்வதற்கான நேரம் அதுதான். எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கரண்ட் போனால் கை தானாக ரேக்குக்குப் போகும். இதை நினைவில் வையுங்கள். நான் செய்த தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

இங்கே ஏன் இப்படிக் கலைத்து வைத்திருக்கிறார்கள் என்று வந்த புதிதில் பாவெலிடம் கேட்டேன். பாவெல் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கிறார். பாதி ஆங்கிலம், பாதி கைஜாடையில் சொன்னார். எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். எங்கள் கடைக்குக் கடைத்தெரு கிடையாது. எல்லாம் போனில்தான். பல நாட்டு ஜனங்கள் ஒரே நேரத்தில் பார்க்கிறார்கள். ஒருத்தர் சிவப்பு ஷூ, ஏழாம் நம்பர், விலை குறைந்தது என்று தேடுவார். பதில் வரக் கொஞ்சம் தாமதமானாலும் வேறு கடைக்குப் போய்விடுவார். அதனால் கேட்லாக் முழுவதையும், பேர், விலை, நிறம், அளவு, எத்தனை மீதி, எந்த ரேக்கில் எந்தப் பெட்டி என்று எல்லாவற்றையும், அதற்கென்றே செய்த ஒரு டேட்டாபேஸ் தன் நினைவிலேயே வைத்திருக்கிறது. சாதாரணக் கம்ப்யூட்டர் நோட்டைப் புரட்டிப் பார்த்துச் சொல்கிற மாதிரி. இது யாழினி பதிமூன்றாம் வாய்ப்பாட்டை நோட்டைத் தொடாமல் சொல்கிற மாதிரி. அதற்கு எல்லா இடமும் ஞாபகம் இருப்பதால் எதை எங்கே வைத்தாலும் சரிதான், காலியாக இருக்கிற இடத்தில் வைத்தால் போதும். ஒரே ஒரு குறை. நிறுத்தினால் அந்த நினைவு வெறுமையாகிவிடும். மறுபடி ஓட்டும்போது டிஸ்கில் எழுதி வைத்ததிலிருந்து மொத்தத்தையும் ஏற்ற வேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு அதை நிறுத்தினார்கள். ஏதோ மாற்றம் செய்கிறார்களாம். எந்தப் பொருள் எந்தப் பெட்டியில் என்று காட்டுகிற, எங்கள் கையிலிருந்த ஸ்கேனர்களின் திரை எல்லாம் வெளுத்துப் போயின. சூப்பர்வைசர் பெயாத்தா அம்மா இரண்டு கையையும் தூக்கி, "ப்ஷெர்வா!" என்றார். இடைவேளை என்று அர்த்தம். என்னோடு அறையில் தங்கியிருக்கும் ஆவடி குமார், "வா மாமே, காபி ஓசில ஊத்துறானுங்க" என்று இழுத்தான். நீ போ, வருகிறேன் என்றேன். எல்லாரும் போய்விட்டார்கள். மெஷின் சத்தம் நின்ற அந்த அமைதி எனக்கு நன்றாகத் தெரிந்த அமைதி. பதினேழாம் ரேக்கின் முன்னால் நின்றேன். கை தானாகப் போயிற்று.

நாற்பது நிமிஷம். விளக்கோடு விளக்கு, ஷூவோடு ஷூ, பெல்ட்டோடு பெல்ட். கீழ் மூன்று வரிசையும் அம்பத்தூர் மாதிரி ஆகிவிட்டன. உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். இந்த ஐந்து மாதத்தில் அந்த நாற்பது நிமிஷத்தில்தான் எனக்கு வேலை தெரியும் என்று எனக்கே தோன்றியது.

ஸ்கேனர்களுக்கு உயிர் வந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் ஆர்டருக்குப் பொருள் எடுக்கப் பதினேழாம் ரேக்குக்கு வந்தாள். அவள் ஸ்கேனர் காட்டிய பெட்டியில் நிலா வடிவத்தில் ஒரு சின்ன விளக்கு இருக்க வேண்டும். இருந்தது நாய் பெல்ட். அவள் 'இல்லை' என்று பொத்தானை அழுத்தினாள். அந்த நொடியே எல்லா நாட்டிலும் எல்லார் போனிலும் அந்த விளக்கு காணாமல் போயிற்று. அத்தனை வேகம் அதற்கு. அடுத்து ஒரு ஷூ. அடுத்து ஒரு கெட்டில். மேலே இருந்த பலகையில் சிவப்பு எழுத்துகள் ஒன்றன் கீழ் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. எனக்கு அப்போதுதான் உறைத்தது. டேட்டாபேஸ் எதையும் மறக்கவில்லை. எல்லாவற்றையும் சரியாக ஞாபகம் வைத்துக்கொண்டுதான் திரும்பி வந்திருந்தது. இடத்தை மாற்றியது நான்.

என் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. நீட்டித்தால்தான் இங்கே தங்கும் அட்டை கிடைக்கும். நீட்டிக்காவிட்டால் திரும்ப வேண்டியதுதான். திரும்பினால் எஸ்டேட்டில் என் பழைய ஸ்டோர் இல்லை, பூட்டிவிட்டார்கள்.

குமாரிடம் சொன்னேன். "இன்னாது, அடுக்கினியா? உன்ன யாரு அடுக்க சொன்னது? இது இன்னா உன் மாமியா ஊட்டு கிச்சனா?" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "கம்முனு கெட மச்சான். எவனும் பாக்கல. மிஷினு மேல பழி பூடும். பாவெலுதான் மாட்டுவான், நமக்கு இன்னா?" என்றான்.

பாவெல் அப்போதே மாட்டியிருந்தார். லேப்டாப்பைக் கையில் ஏந்திக்கொண்டு காது சிவக்க ஓடிக்கொண்டிருந்தார். பெயாத்தா அம்மா அவர் பின்னாலேயே கத்திக்கொண்டு போனார். முதல் வாரத்தில் என் கேள்விக்கு அரை மணி நேரம் நின்று பதில் சொன்ன மனிதர் அவர். ஐந்து நிமிஷம் சும்மா நின்றேன். அந்த ஐந்து நிமிஷத்தையும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன், அதில் எனக்குப் பெருமை இல்லை. பிறகு போய்ப் பெயாத்தா அம்மா முன்னால் கைகட்டித் தலைகுனிந்து நின்றேன். அவர் எனக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்து நாற்காலியை இழுத்துப் போட்டுத் தண்ணீர் கொடுத்தார். குடிக்காமல் அவரைப் பதினேழாம் ரேக்குக்குக் கூட்டிப்போய், ரேக்கையும் என் நெஞ்சையும் மாற்றி மாற்றிக் காட்டினேன்.

"த்லாசேகோ?" என்று கேட்டார். ஏன் என்கிறார். கரண்ட் போனால் ஸ்டோர்காரன் கை சும்மா இருக்காது என்பதை எந்தப் பாஷையில் சொல்வது? "இந்தியா, நோ கரண்ட், ஐ கிளீன்" என்றேன். அவர் ரேக்கில் விரலை இழுத்துத் தூசி இருக்கிறதா என்று பார்த்தார்.

பின்னாலேயே வந்த பாவெல்தான் கேட்டார், ஸ்கேனரில் ஒவ்வொன்றாகத் தேடினால் ராத்திரி ஆகிவிடும், எது எங்கே இருந்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று. கண்ணை மூடினேன். முதல் வரிசை, மூன்றாவது பெட்டி, நீல ஷூ. அதற்கு அடுத்தது கெட்டில். நான் சொல்லச் சொல்ல அவர் ஸ்கேனரில் சரிபார்த்தார். ஒவ்வொன்றும் சரியாக இருந்தது. நாலு மணிக்கு எல்லாம் பழைய இடத்துக்குப் போயின, ஒன்றைத் தவிர. அந்த நிலா விளக்கை எங்கே கொண்டுபோய் வைத்தேன் என்று எனக்கு ஞாபகம் வரவே இல்லை. இத்தனைக்கும் என் கையால் எடுத்தது. தேடினோம், கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பெயாத்தா அம்மா ஒப்பந்தக் காகிதத்தைக் கொடுத்தார். ஒரு வருஷம் நீட்டிப்பார்கள் என்று நினைத்திருந்தேன். மூன்று மாதம் போட்டிருந்தது. கீழே அவர் கையால் ஒரு வரி எழுதியிருந்தார். பாவெல் படித்துச் சொன்னார்: கணினி நிற்கும்போது இவரும் நிற்க வேண்டும். குமார் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் மூன்று மாதம் என் கையை நானே பிடித்துக்கொண்டு திரிய வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது, டிவி ஸ்டாண்டின் கீழ் டிராயரில் என் சர்டிபிகேட் கவர் இருக்கும், எடு என்று நித்திஷிடம் சொன்னேன். "டிவி ஸ்டாண்டு இப்ப அங்க இல்லப்பா. அம்மா அங்க கட்டில் போட்டுட்டாங்க" என்றான். பின்னாலிருந்து உங்கள் அம்மா, "மழைக்கு அந்தச் செவுரு ஊறிகினே கீதுங்க, அதான் எல்லாத்தையும் மாத்திட்டோம்" என்றாள். நல்ல காரியம்தான். ஆனால் போனை வைத்த பிறகு எனக்கு ஒன்று தெரிந்தது. நான் கிளம்பிய நாளில் நம் மேனாம்பேடு வீடு எப்படி இருந்ததோ அப்படியே என் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் இன்னும் ஸ்டாண்டு இருக்கிறது, கட்டில் எதிர்ப்பக்கம் இருக்கிறது. எதை வேண்டுமானாலும் நகர்த்துங்கள் பிள்ளைகளே. நகர்த்தினால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

போன மாதம் ரேஷன் கடையில், "கார்டுல நாலு பேரு போட்டுக்கீது, ஆளு மூணுதான் கீறீங்க" என்று கேட்டார்களாமே. "பேரு இருக்கட்டும், ஆளு வருவாரு" என்று உங்கள் அம்மா சொன்னாளாம். நான் இங்கே தினமும் பதினேழாம் ரேக்கைத் தாண்டிப் போகிறேன். அந்த விளக்கு கேட்லாக்கில் இல்லை. ஆனால் இந்தக் கூரைக்குக் கீழே ஏதோ ஒரு பெட்டிக்குப் பின்னால் அது இருக்கிறது, எனக்குத் தெரியும். அந்த இடம் வந்ததும் என் நடை மெதுவாகிறது. இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு, பெட்டிகளின் சந்துகளுக்குள் கண்ணால் மட்டும் தேடிக்கொண்டே போகிறேன்.