மூன்று நாள் இங்கிலீஷ்

இந்த நாட்டில் விடிந்ததும் என் கதவைத் தட்டுகிறவர்களுக்கு வேண்டியது இங்கிலீஷ். 'வாஸ்' போடுவதா, 'ஹேஸ் பீன்' போடுவதா? கடிதத்தின் கடைசியில் 'ஃபெய்த்ஃபுலி'யா, 'சின்சியர்லி'யா? நம்மூரில் என்னிடம் இதையெல்லாம் ஒருத்தன் கேட்டதில்லை. மெட்ரிக் பாஸ் செய்தும் வேலை கிடைக்காமல் கப்பலேறியவன் நான். கோல சிலாங்கூர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் கிராணி என்று கணக்கெழுதும் உத்தியோகம் கிடைத்ததும் இலக்கணப் புலியாகிவிட்டேன். அந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்தது.

வெள்ளைக்கார சர்க்கார் போட்ட அவசர காலம் இது. சோறு வெளியே போனால் காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம். மரம் சீவப் போகிறவர்கள் ஒரு பிடி சோறுகூட முள்வேலிக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. எங்கள் தோட்டத்தில் மரம் சீவும் மாரிமுத்து வயிற்றுப்புண்காரன். இடுப்புத் துண்டில் ஒரு கை சோறு முடிந்துகொண்டு போனான், கேட்டில் பிடித்துவிட்டார்கள். அவன் மனைவி அஞ்சலை என்னிடம் ஓடி வந்தாள்.

"கிராணி ஐயா, போலீஸ் தொரைக்கு ரெண்டு வரி எழுதிக் குடுங்க. வவுத்து வலிக்காரன், பசிக்குத்தான் எடுத்துட்டுப் போனான்னு எழுதுங்க, போதும்."

ரெண்டு வரி எழுதினால் என் கௌரவம் என்னாவது? எழுதினேன், கிழித்தேன். 'பெக்' என்று எழுதினால் பிச்சைக்காரத்தனமா, 'ரிக்வெஸ்ட்' என்றால் திமிரா? இலக்கணப் புத்தகத்தைப் புரட்டியே மூன்று நாள் போயிற்று. அஞ்சலை காலையும் மாலையும் வாசலில் வந்து நின்றாள்.

"ஆச்சாங்கய்யா?"

"இரும்மா. தப்பா எழுதினா வெள்ளக்காரன் மதிக்கவே மாட்டான்" என்று அதட்டி அனுப்பினேன்.

நான்காம் நாள் இருவரும் போலீஸ் துரையிடம் போனோம். துரை நின்றபடியே படித்தார். "எக்செலன்ட் இங்கிலீஷ்" என்றார். விடுதலைதான் என்று நினைத்துப் பல்லைக் காட்டி, "தேங்க்யூ சார்" என்றேன். அவர் கடிதத்தை மடித்து என் கையிலேயே கொடுத்தார். மாரிமுத்துவை முந்தின நாளே தடுப்பு முகாமுக்கு அனுப்பிவிட்டார்களாம். இனி அவர் கையில் ஒன்றுமில்லையாம்.

முகாமிலிருந்தே அவனை இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். இங்கேயே தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவன், இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை. பாவி நான். அன்றே ரெண்டு வரி எழுதியிருந்தால் அவன் இங்கே இருந்திருப்பான். இப்போதும் யாராவது வந்து 'வாஸ்'ஸா, 'ஹேஸ் பீன்'னா என்று கேட்டால் எதையாவது போடு என்று அனுப்பிவிடுகிறேன்.

நேற்று அஞ்சலை மறுபடி வந்தாள், அவனுக்குக் கடிதாசி எழுத. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அவள் சொன்னதைச் சொன்னபடி தமிழில் எழுதினேன், ஒரு சொல்லும் திருத்தவில்லை.

"எந்த ஊருன்னு போடுவீங்க ஐயா?" என்று கேட்டாள்.

அவனுக்கு அங்கே ஊர் ஏது? அந்தக் கரையில் எனக்குத் தெரிந்த விலாசம் ஒன்றுதான். மாரிமுத்துவின் பெயரை எழுதி, அதற்குக் கீழே நம்மூரில் இருக்கும் என் வீட்டு விலாசத்தை எழுதினேன்.