காப்புக் கட்டிய எட்டு நாள்

என் அண்ணனுக்குப் பொய் சொல்ல வராது. அதனால் எதையும் சொல்லாமலேயே இருந்துவிடுவான். மணலூர்பேட்டைக்குப் பக்கத்தில் குத்தகை நிலத்தில் கரும்பு போடுகிறவன். இரண்டு வருடங்களுக்கு முன் கரும்புக் கொல்லையில் மயங்கி விழுந்தபோதுதான், அவனுக்கு இதயத் தசை தடித்துப்போகும் நோய் இருப்பது தெரிந்தது. செத்துப்போன எங்கள் அப்பாவிடமிருந்து வந்ததாம்.

"துடிப்பு தாறுமாறா இருக்கறதால உள்ளேயே ரத்தம் தேங்கிக் கட்டியாகும். அது மூளைக்குப் போச்சுன்னா கை கால் விழுந்துடும். மாத்திரைய ஒரு வேளைகூட விடாதீங்க" என்றார் டாக்டர்.

அன்று பிடித்த பயம் எனக்கு. தினமும் காலையில் போன் செய்வேன். அவன் நாக்கு குழறுகிறதா என்று பார்ப்பதற்காகவே கரும்பு, மழை, மோட்டார் என்று எதையாவது பேச வைப்பேன். தொணதொணக்கிறேன் என்று திட்டுவான். திட்டு தெளிவாக வந்தால் எனக்கு நிம்மதி.

இந்த வருடம் திரௌபதி அம்மன் கோயில் தீமிதிக்குக் காப்புக் கட்டிக்கொண்டான். வேண்டாமென்று எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. எட்டாம் நாள், தீமிதியன்று காலையில் அவன் வீட்டுக்குப் போனேன். சாமி மாடத்தில், விபூதித் தட்டுக்குப் பின்னால் மாத்திரை அட்டை இருந்தது. ஒன்றுகூடப் பிரிக்கவில்லை.

"இன்னாண்ணா இது?"

"அந்த மாத்திர மேல இருக்கற கூடு மாட்டு எலும்புல செய்றதாம். டீக்கடையில சொன்னாங்க. காப்பு கட்டிகினு அத வாயில வைக்க முடியுமா? தீ மிதிச்சிட்டு போட்டுக்கறேன்."

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போகலாமென்றால், காப்புக் கட்டினவன் ஊர் எல்லை தாண்டக் கூடாது. "நீ வுழுந்தா அம்மனா வந்து தூக்கும்?" என்று கத்தினேன். சொன்னதற்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, மறுபடியும் கத்தினேன்.

அவன் நிதானமாகச் சொன்னான்: "நான் வுட்டது எட்டு நாளு. கூடப் பொறந்தவங்களும் ஸ்கேன் எடுக்கணும்னு டாக்டரு சொல்லி ரெண்டு வருசம் ஆவுது. அப்பா ரத்தந்தானே உனக்கும்? நீ இன்னாத்துக்கு போவாம கெடக்கற?"

அவனுக்காகப் பயந்துகொண்டிருந்தால் எனக்காகப் பயப்பட வேண்டியதில்லை என்று காலத்தை ஓட்டியிருந்தேன். அது அவனுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

சாயங்காலம் ஊரே தீயைப் பார்த்தது. நான் அவன் வாய் கோணுகிறதா, கால் இழுக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நேராக நடந்தான். தீக்குழி முடிவில் கால் நனைக்கிற பால் குழியில் இறங்கினான். காப்பைக் கழற்றியதும் நானே மாத்திரையை வாயில் போட்டேன். விழுங்கிவிட்டு, "ரெண்டு பேருமா போலாம்" என்றான்.

திங்கட்கிழமை கள்ளக்குறிச்சியில் அவனைப் பார்த்துவிட்டு, ரத்தக் கட்டி எதுவும் இல்லை என்றார்கள். அங்கேயே அழுதுவிட்டேன். அடுத்து நான் படுத்தேன். ஸ்கேன் எடுத்த பெண் எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று கேட்டபடியே நெஞ்சில் கருவியை நகர்த்தினாள். பிறகு பேச்சை நிறுத்தினாள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தாள்.

"கூட யாரு வந்திருக்காங்க?" என்று கேட்டாள்.